உணவுச் சங்கிலியில் விலங்குகள் தின்பதைத் தவிர என்ன செய்கின்றன?

தாவரம் உணவைத் தயாரிக்கிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் எச்சத்தை மட்கவைத்து மண்ணுக்குத் திருப்புகின்றன. இடையில் நிற்கும் நுகர்வோர் தின்று தீர்ப்பதைத் தவிர என்ன செய்கின்றன, அவற்றை எடுத்துவிட்டாலும் சங்கிலி ஓடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். "ஆற்றலைக் கடத்துகின்றன" என்ற பாடநூல் வரி உங்களுக்குப் போதவில்லை என்று தெரிகிறது, போதாததுதான். கடத்துவதைவிடக் கரைப்பது அதிகமாக இருக்கும்போது அதை எப்படி ஒரு பங்கு என்று சொல்வது என்பதே உங்கள் கேள்வியின் உள்ளடக்கம். ஆற்றல் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் சந்தேகத்தில் பெரும்பகுதி நியாயமானது. ஆகவே கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

ஒரு கம்பளிப்புழு 200 ஜூல் ஆற்றல் உள்ள இலையைத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 100 ஜூல் செரிக்காமல் எச்சமாக வெளியேறும். 67 ஜூல் சுவாசத்தில் எரிந்து வெப்பமாகும். மிச்சம் 33 ஜூல்தான் புழுவின் உடலாகச் சேரும். அடுத்து வரும் பறவைக்குக் கிடைப்பது அந்த 33இல் ஒரு பகுதியே. எல்லாப் புழுவும் பறவையிடம் சிக்குவதில்லை. "ஒவ்வொரு நிலையிலும் 90 சதவீதம் வெப்பமாக வீணாகிறது" என்று எழுதுவது இங்கேதான் தவறாகிறது. தின்னப்படாமல் விட்டது, செரிக்காமல் போனது, எரிந்தது என மூன்று தனித்தனி இழப்புகள் இருக்கின்றன. முதல் இரண்டும் உடனே வெப்பமாவதில்லை, சிதைப்பவைக்கு உணவாகின்றன. எரிந்தது மட்டுமே திரும்பி வராதது.

ஒரு நிலையின் ஆற்றலில் பத்து சதவீதமே அடுத்த நிலைக்குப் போகும் என்பதும் சட்டமல்ல. அதைச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமனின் விதி என்று பல நூல்கள் சொல்கின்றன. அவர் 1942இல் வெளியிட்ட கட்டுரையில் மினசோட்டாவின் சீடார் பாக் ஏரியில் ஒவ்வொரு நிலையும் தனக்கு முந்தையதிலிருந்து பெற்ற பங்காகக் கொடுத்த எண்கள், சூரிய ஒளியைப் பெறும் உற்பத்தியாளருக்கு 0.10, தாவர உண்ணிகளுக்கு 13.3, ஊன் உண்ணிகளுக்கு 22.3 சதவீதம். ஹோவர்ட் ஓடம் 1957இல் வெளியிட்ட ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக் கணக்கு இன்னும் தெளிவானது. சதுர மீட்டருக்கு ஓராண்டில் தாவரங்கள் தம் சுவாசம் போக மிச்சம் வைத்தது 8,833 கிலோ கலோரி. தாவர உண்ணிகளின் உடலாகச் சேர்ந்தது 1,478. அவற்றைத் தின்றவற்றில் 67. உச்சியில் இருந்தவற்றில் 6. வகுத்துப் பார்த்தால் முறையே 17, 4.5, 9 சதவீதம் வரும். ஆக, பத்து என்பது ஒரு தோராயச் சராசரி. 5 முதல் 20 வரை சாதாரணமாக மாறும். சூரிய ஒளியிலிருந்து தாவரத்துக்குப் போகும் முதல் படிக்கு இந்தப் பத்தைப் போடவே கூடாது. அங்கே 1 சதவீதமே பெரிது. தேர்வுத் தாள்களில் அடிக்கடி மதிப்பெண் போகும் இடம் இது.

எந்த விலங்கு இடையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தும் எண் மாறும். பறவைகளும் பாலூட்டிகளும் உடல் வெப்பத்தைக் காக்கவே பெரும்பகுதியை எரித்துவிடுவதால், செரித்ததில் 1 முதல் 3 சதவீதமே தசையாகும். மீனில் அது 10 அளவில் இருக்கும். பூச்சிகளில் சராசரி 40 வரை போகும். எனவே வெட்டுக்கிளி வழியாக ஓடும் சங்கிலியும் எலி வழியாக ஓடும் சங்கிலியும் மேலே இருப்பவருக்கு ஒரே அளவு உணவைத் தருவதில்லை, இரண்டும் ஒரே புல்லைத் தின்றாலும்.

இப்போது உங்கள் பக்கம் இருக்கும் வலுவான ஆதாரம். பெரும்பாலான காடுகளில் ஓராண்டு இலை வளர்ச்சியில் விலங்குகள் உயிரோடு தின்பது 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதி உதிர்ந்து நேரே சிதைப்பவைக்குப் போகிறது. புல்வெளியில் தின்னப்படும் பங்கு இதைவிடக் கூடும், மிதவைத் தாவரங்கள் வாழும் திறந்த நீரில் இன்னும் கூடும். ஆனாலும் நிலத்தில் பெரிய வாய்க்கால் சருகு வழியாகவே ஓடுகிறது. விலங்குகள் தோன்றி ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் 300 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நுண்ணுயிர்களை மட்டும் கொண்டே உயிர்க்கோளம் ஓடியிருக்கிறது. எனவே "விலங்குகள் இல்லாவிட்டால் ஆற்றல் ஓட்டம் நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓடும். ஓடும் விதமும் அதில் யார் யார் இருப்பார்கள் என்பதும்தான் மாறும். நுகர்வோரின் பங்கு, அவை தின்னும் அளவில் இல்லை. எதைத் தின்கின்றன, எவ்வளவு வேகமாகத் திருப்பித் தருகின்றன, எங்கே கொண்டுபோய்ப் போடுகின்றன என்பதில் இருக்கிறது.

எதைத் தின்கின்றன என்பதற்கு மிகச் சுத்தமான சோதனை வாஷிங்டன் மாநிலத்தின் பாறைக் கடற்கரையில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் செய்தது. அங்கே உச்சி வேட்டையாளர் பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீன். ஒரு குறிப்பிட்ட துண்டுப் பாறையிலிருந்து அதைத் தொடர்ந்து பிடுங்கி எறிந்தார். பக்கத்துத் துண்டைத் தொடாமல் விட்டார். 1966இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, எடுத்த இடத்தில் 15 இனங்கள் 8ஆகக் குறைந்தன. காரணம் எளிது. பாறையில் இடம் பிடிப்பதில் மட்டிச் சிப்பியை வெல்ல எதுவும் இல்லை. நட்சத்திர மீன் விரும்பித் தின்பதும் அதையேதான். தின்பவர் போனதும் மட்டி பாறையை மூடியது. கொட்டலசும் பாசிகளும் ஒதுக்கப்பட்டன. நட்சத்திர மீன் உண்ட கலோரி அந்தக் கரையின் மொத்த ஆற்றலில் அற்பம். ஆனால் வெல்லக்கூடியவனையே தேடித் தின்றதால் தோற்கக்கூடியவை பிழைத்தன. தன் அளவுக்கு மீறி மற்ற இனங்களைத் தாங்கி நிறுத்தும் ஆதார இனம் என்ற கருத்து இதிலிருந்து வந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: எல்லா வேட்டையாளரும் ஆதார இனம் அல்ல. போட்டியில் பின்தங்கியதை விரும்பித் தின்னும் ஒரு நுகரி இனங்களைக் கூட்டாது, குறைக்கும். தின்பவரின் விருப்பமும் தின்னப்படுபவரின் போட்டித்திறனும் எப்படிப் பொருந்துகின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

விளைவு ஒரு படியோடு நிற்பதும் இல்லை. வட பசிபிக்கில் கடல் நீர்நாய், கடல் முள்ளெலி என்ற முள் நிறைந்த உருண்டைக் கடலுயிரியைத் தின்னும். முள்ளெலி, கெல்ப் என்ற பெரும் கடற்பாசியைத் தின்னும். உரோமத்துக்காக நீர்நாயை வேட்டையாடி அழித்த தீவுகளில் முள்ளெலி பெருகிப் பாசிக் காடு மொட்டையானது. நீர்நாய் மிஞ்சிய தீவுகளில் காடு நின்றது. இரண்டு வகைத் தீவுகளையும் ஒப்பிட்டு 1974இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. மேலிருந்து ஒரு கண்ணி போனால் கீழே ஒன்றுவிட்டு ஒன்று கூடுவதும் குறைவதுமாக விளைவு இறங்கும். இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று கண்ணிகளை எண்ணினாலே தாவரம் கூடுமா குறையுமா என்று ஊகிக்கலாம். எளிமையான சங்கிலிகளில் அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும், கிளை பிரிந்த வலைகளில் அவ்வளவாகப் பலிக்காது.

இந்த வகையில் அதிகம் பேசப்படும் கதை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஓநாய்கள். 1995, 1996 ஆண்டுகளில் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள், எல்க் மான்கள் குறைந்தன, சில ஓடைக்கரைகளில் வில்லோ மரம் மீண்டும் வளர்ந்தது. இதுவரை உறுதி. "ஓநாய் ஆற்றின் போக்கையே மாற்றியது" என்ற பகுதி உறுதியானதல்ல. அதே காலத்தில் கரடிகளும் மலைச் சிங்கங்களும் கூடின, பூங்காவுக்கு வெளியே மனித வேட்டையும் இருந்தது. மானைத் தடுக்க வேலி போட்டும், பீவர் என்ற கொறிவிலங்கு ஓடையில் கட்டுவதுபோல் செயற்கை அணை கட்டியும் பல ஆண்டுகள் செய்த சோதனையில், வேலி மட்டும் போட்ட இடங்களில் வில்லோ சரியாக மீளவில்லை. பீவர்கள் போனபின் ஓடை ஆழமாக அரித்து நிலத்தடி நீர் இறங்கிவிட்டதால், மான் தின்னாவிட்டாலும் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஒரு நுகரியை எடுப்பதால் வரும் கேட்டை அதைத் திரும்ப விடுவதால் மட்டும் சரிசெய்துவிட முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் காணொளிகளில் வருவது முதல் பாதி மட்டுமே.

தின்னாமலே வேலை செய்யும் நுகர்வோரும் உண்டு. அமெரிக்காவின் ஒரு கைவிட்ட வயல்வெளியில் ஆஸ்வால்ட் ஷ்மிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட சோதனை இது: சிலந்திகளின் வாயுறுப்பைப் பசையால் ஒட்டிவிட்டுக் கூண்டுக்குள் வெட்டுக்கிளிகளோடு விட்டார்கள். கொல்லவே முடியாத சிலந்தி. ஆனாலும் வெட்டுக்கிளிகள் விருப்பமான புல்லை விட்டுவிட்டு, மறைவு தரும் அகன்ற இலைச் செடிகளுக்குப் போய் அவற்றைத் தின்றன. புல் தப்பியது, செடி சேதமானது. உண்மையாகக் கொல்லும் சிலந்தி இருந்த கூண்டுகளிலும் செடிகளில் கிட்டத்தட்ட அதே விளைவுதான். பயம் மட்டுமே எந்தத் தாவரம் எவ்வளவு இருக்கும் என்பதை மாற்றிவிடுகிறது. ஆற்றல் அட்டவணையில் இதற்கு ஒரு ஜூல்கூடக் காட்ட முடியாது.

அடுத்தது வேகம். காய்ந்த வைக்கோலில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 80 பங்கு அளவில் இருக்கும். இந்த விகிதம் ஏறத்தாழ 25க்கு மேல் இருக்கும் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள், பற்றாக்குறை நைட்ரஜனை மண்ணிலிருந்து இழுத்துத் தம் உடலில் பூட்டிவைக்கும். மட்காத வைக்கோலை மண்ணில் மடக்கி உழுத உடனே விதைத்தால் பயிர் மஞ்சளடிப்பது இதனால்தான். அதே வைக்கோல் ஓர் அசைபோடும் விலங்கின் வயிற்றில் இரண்டு மூன்று நாளில் கடந்துவிடும். கார்பனில் பெரும்பகுதி மூச்சாகவும் மீத்தேனாகவும் போய்விட, மிச்சமுள்ள நைட்ரஜன் சாணத்தில் செறிவாகவும் சிறுநீரில் யூரியாவாகவும் வெளிவரும். யூரியா ஓரிரு நாளில் அம்மோனியா ஆகி வேருக்குக் கிடைக்கும். மாதக்கணக்கில் ஆகவேண்டியது நாள் கணக்கில் முடிகிறது. கடலிலும் இதே கதைதான். விலங்கு மிதவையுயிர்கள் கழிக்கும் அம்மோனியம் மிதவைத் தாவரங்களுக்கு உடனடி உரம். இதில் குறையும் உண்டு. திருப்பித் தருவது சீராக விழுவதில்லை. மாடு சிறுநீர் கழித்த திட்டில் ஒரு ஹெக்டேருக்கு 500 முதல் 1,000 கிலோ நைட்ரஜன் இட்டதற்குச் சமமான அளவு குவியும். அதை எந்தப் புல்லாலும் உறிஞ்ச முடியாது. மிஞ்சியது நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்கும், அல்லது வாயுவாகப் பறக்கும். "மிதமான மேய்ச்சல் புல்லின் மொத்த வளர்ச்சியையே கூட்டும்" என்ற கருத்தை இங்கேதான் கவனமாகச் சொல்ல வேண்டும். சில ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் அது காட்டப்பட்டிருக்கிறது; பொது விதியா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இடம் மாற்றுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிதைப்பவை இருந்த இடத்திலேயே வேலை செய்யும். விலங்கு நடக்கும், பறக்கும், நீந்தும். விதையும் மகரந்தமும் மட்டுமல்ல, சத்தும் அவற்றோடு போகிறது. ஆற்றில் ஏறும் சால்மன் மீனைக் கரடி பிடித்துக் கரையில் பாதி தின்றுவிட்டுப் போட, கடலின் நைட்ரஜன் காட்டு மரங்களின் இலைக்கு வருகிறது. ஈர்ப்பு விசை கீழே இழுக்கும் சத்தை மேலே ஏற்றும் வழி இதுபோல் சிலவே.

இதே கடத்தல் நஞ்சுக்கும் பொருந்தும். ஆற்றல் படிக்குப் படி குறைய, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி ஏன் படிக்குப் படி கூடுகிறது என்பது பலரைக் குழப்பும். தின்ற இரையின் கார்பன் எரிந்துபோகிறது. கொழுப்பில் கரைந்த டி.டி.டி. எரிவதும் இல்லை, சிறுநீரில் வெளியேறுவதும் இல்லை, எனவே பத்துக் கிலோ இரையில் இருந்தது ஒரு கிலோ உடலில் தங்குகிறது. பாடநூல்களில் வரும் எண்கள்: நீரில் பத்து லட்சத்தில் 0.000003 பங்கு, விலங்கு மிதவையுயிரில் 0.04, சிறு மீனில் 0.5, பெரிய மீனில் 2, மீன் தின்னும் பறவையில் 25. நீரிலிருந்து பறவைவரை 80 லட்சம் மடங்குக்கும் மேல். ஆனால் அந்தப் பெரிய எண்ணை முழுக்க உணவுச் சங்கிலியின் கணக்கில் எழுதக் கூடாது. நீரிலிருந்து மிதவையுயிருக்கான முதல் 13,000 மடங்கில் பெரும்பகுதி உடல் பரப்பு வழியாக நேரே உறிஞ்சப்பட்டது. தின்பதால் வந்தது மிதவையுயிர் முதல் பறவைவரை உள்ள 625 மடங்கு. நீரில் எளிதில் கரைந்து சிறுநீரில் போய்விடும் வேதிப்பொருள்களுக்கு இந்தப் பெருக்கம் கிடையாது. மெத்தில் பாதரசம் கொழுப்பில் அல்லாமல் புரதத்தோடு பிணைந்தே கூடுகிறது. ஆகவே மீனின் கொழுப்பை நீக்கிச் சமைத்தாலும் பாதரசம் போகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு விலங்கு எந்த நிலை நுகரி என்று எப்படி முடிவு செய்வது? முதல்நிலை, இரண்டாம்நிலை என்பவை விலங்கின் மேல் ஒட்டிய சீட்டு அல்ல, அந்த வேளை உணவின் நிலை. தவளைக் குஞ்சு பாசியைத் தின்னும், தவளை பூச்சியைத் தின்னும். ஆண் கொசுவுக்குத் தேன் போதும், பெண்ணுக்கு முட்டையிட இரத்தமும் வேண்டும். நடைமுறையில் பின்னமாகக் கணக்கிடுவார்கள். உணவில் ஒவ்வொரு பொருளின் எடைப் பங்கையும் அதன் நிலையால் பெருக்கிக் கூட்டி, ஒன்றைச் சேர்க்க வேண்டும். தாவரம் நிலை 1. ஒரு பறவை 60 சதவீதம் விதையும், 40 சதவீதம் இலை தின்னும் பூச்சியும் (நிலை 2) உண்டால், 0.6 × 1 + 0.4 × 2 + 1 = 2.4. வயிற்றைத் திறந்து எடைப் பங்கு எடுக்கும்போது ஒரு பிழை வரும்: புழு, மண்புழு போன்ற மெத்தென்றவை சீக்கிரம் கரைந்துவிடும், வண்டின் இறக்கை ஓடும் மீனின் செவிக்கல்லும் நெடுநேரம் தங்கும். கடினமானதை அதிகம் தின்றதாகக் கணக்கு காட்டும்.

அதனால் நைட்ரஜன்-15 என்ற கன நைட்ரஜனையும் அளப்பார்கள். ஒவ்வொரு படியிலும் நைட்ரஜன்-15 ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3.4 கூடுகிறது. ஏரியில் பாசி தின்னும் நத்தைக்கு (நிலை 2) அளவு 6 என்றும், மீனுக்கு 12.8 என்றும் வந்தால், வித்தியாசம் 6.8, அதை 3.4ஆல் வகுத்தால் 2. நத்தையின் 2ஐக் கூட்டினால் மீன் நிலை 4. அடிப்படை உயிரியை அதே நீர்நிலையிலிருந்து எடுப்பது கட்டாயம். கழிவுநீர் கலந்த ஏரியில் பாசியின் அளவே உயர்ந்திருக்கும். வேறு ஏரி நத்தையோடு ஒப்பிட்டால் புல் தின்னும் மீனும் வேட்டையாடியாகத் தெரியும். எந்தத் திசுவை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். இரத்த நீர்மம் கடந்த சில நாள் உணவைச் சொல்லும், தசை சில மாத உணவைச் சொல்லும்.

சங்கிலி ஏன் நாலைந்து கண்ணிக்கு மேல் நீள்வதில்லை என்றும் துணைக் கேள்வி கேட்டிருந்தீர்கள். ஆற்றல் தீர்ந்துபோவதால் என்பது வழக்கமான விடை. அது ஒரு காரணம். ஒரே காரணமா என்பது சந்தேகம். ஆற்றல்தான் தடை என்றால் வளமான ஏரிகளில் சங்கிலி நீளமாக இருக்க வேண்டும். வட அமெரிக்க ஏரிகளை ஒப்பிட்டு 2000இல் வந்த ஆய்வில் நீளம் ஏரியின் வளத்தோடு அல்லாமல் அதன் கொள்ளளவோடுதான் கூடியது.

நுகரியின் பங்கை நேரில் பார்க்க விரும்பினால் வேலிச் சோதனை போதும். ஒரே மாதிரியான புல்தரையில் ஒரு மீட்டர் சதுரங்களாக ஐந்து இணைகள் குறித்துக்கொண்டு, தொடங்கும் முன்பே ஒவ்வொன்றிலும் எத்தனை இனம், சராசரி உயரம் என்ன என்று எழுதுங்கள். இணையில் ஒன்றுக்குக் கம்பி வலை வேலி, மற்றது திறந்தபடி. எந்த விலங்கு தடுக்கப்படும் என்பது எந்த வேலி போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது: ஒரு செண்டிமீட்டர் கண்ணி முயலைத் தடுக்கும், வெட்டுக்கிளியை அல்ல. பூச்சியைத் தடுக்க மெல்லிய வலை போட்டால் நிழலும் காற்றுத் தடையும் புல்லை மாற்றிவிடும். எனவே அதே வலையை இரண்டு பக்கம் மட்டும் கட்டிய மூன்றாவது சதுரம் ஒன்றும் வேண்டும். பருவ இறுதியில் 25 செண்டிமீட்டர் சதுரம் வெட்டி, 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை, பெரும்பாலும் 48 மணி நேரம், உலர்த்தி நிறுங்கள். முதல் பருவத்தில் எடை வித்தியாசம்தான் தெரியும். இனங்களின் எண்ணிக்கை மாற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். வளமான மண்ணில் வேலிக்குள் உயரமான ஒன்றிரண்டு புற்கள் மற்றவற்றை மூடி இனங்களைக் குறைப்பதே வழக்கம். வறண்ட, சத்தில்லாத மண்ணில் இது தலைகீழாகி, மேயப்படும் பக்கமே இனம் இழப்பதும் உண்டு. எனவே முடிவை எழுதும்போது மண்ணின் தன்மையையும் சேர்த்தே எழுதுங்கள்.